மேடம் சொல்லிட்டாங்கோ

பிரிஸ்கில்லாவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவளுடைய குரல். பி.காம் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தாள். முதலாளி ராஜாராம் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த செய்தித்தாளை எடுத்து நீட்டி, "இதுல ஒரு பத்தி படிம்மா" என்றார். படித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "நாளைலேர்ந்து வந்துடு" என்றார்.

அந்தக் குரலுக்குக் காலனியில் ஏற்கெனவே பேர் உண்டு. பதினோரு வயதிலிருந்து சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதவாசிப்பு அவளுடையதுதான். அவசரப்படமாட்டாள், விழுங்கமாட்டாள், ழகரம் அவள் நாக்கில் ழகரமாகவே வரும். அப்பா சாமுவேல் செங்கல் சூளையில் வேலை செய்தவர். அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது மார்புச் சளியில் போய்ச்சேர்ந்தார். மீதிப் படிப்பை அம்மா சிட்டம்மாள் நடவு நட்டும் களை பறித்தும் முடித்துவைத்தாள். படித்து முடித்த நாலு வருஷத்தில் பிரிஸ்கில்லா ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டாள், கடன் கம்பெனி ஒன்றில் தவணை கட்டாதவர்களுக்குப் போன் செய்து திட்டு வாங்கினாள். ராஜாராமின் வேலை உத்திரமேரூரிலேயே இருந்தது. பேருந்தில் பத்து நிமிஷம். உட்கார நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, மாதம் பதினைந்தாயிரம்.

பஜார் வீதியில் உரக்கடை மாடியில் இருந்தது அந்த அறை. 'தங்கச் சந்தைப் பயிற்சி' என்று வாசலில் ஒரு பிளெக்ஸ் போர்டு. ஆனால் பயிற்சிக்கு என்று படியேறி வந்தவர்களை அவள் அதிகம் பார்த்ததில்லை. எல்லாம் போனில்தான் நடந்தது. தினமும் காலை ஒன்பதரைக்கு அவள் குரல்பதிவு பேச வேண்டும். பத்து மணிக்கு அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். இன்றைக்குத் தங்கம் ஏறுமா இறங்குமா, ஆப்ஷன் என்கிற விலைப் பந்தயத்தில் எதை வாங்கலாம் என்பதுதான் பதிவு.

முதல் நாளே ராஜாராம் இரண்டு காரியம் செய்தார். சம்பளக் கணக்கு திறக்க என்று அவளுடைய ஆதாரை வாங்கிக்கொண்டார். அப்புறம் பேரை மாற்றினார்.

"பிரிஸ்கில்லான்னா நம்ம ஆளுங்க வாய்ல நுழையாது. இளமதின்னு வெச்சுக்கலாம். இளமதி மேடம். யாராச்சும் எந்த ஊர்னு கேட்டா காஞ்சிபுரம்னு சொல்லு. காலனி அது இதுன்னு பேச்செடுக்காத."

அவளுக்குப் புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் தலையாட்டினாள்.

கணக்கை அவரே சொல்லிக்கொடுத்தார். அதில் மட்டும் குறை சொல்ல முடியாது, நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். தங்கம் ஏறும் என்று நினைப்பவன் கால் வாங்குவான். இறங்கும் என்று நினைப்பவன் புட் வாங்குவான். சந்தையில் முடியாமல் நிற்கும் புட் எத்தனை, கால் எத்தனை என்று பார்த்து, புட்டைக் காலால் வகுத்தால் ஒரு எண் வரும். அதற்குப் பேர் புட்-கால் விகிதம். ஒன்றுக்கு மேல் போனால் புட் அதிகம். ஒன்றுக்குக் கீழே இருந்தால் கால் அதிகம். நாட்டில் இருக்கிற அத்தனை வியாபாரியின் மனசையும் ஒரே எண்ணில் பிடித்துவிடலாம் என்றார்.

அன்றைக்கு எண் ஒன்று புள்ளி மூன்று.

"அப்ப பயந்தவங்க ஜாஸ்தி. தங்கம் எறங்கும், இல்லையா சார்?"

"எறங்கும்னும் சொல்லலாம். எல்லாரும் பயந்து முடிச்சாச்சு, இனிமே விக்க ஆளில்ல, அதனால ஏறும்னும் சொல்லலாம். இன்னொண்ணும் கீது பாரு. ஒருத்தன் புட் வாங்கினா இன்னொருத்தன் அத வித்திருக்கணும் இல்ல? பெரிய கைங்கதான் விக்கிறவன். எறங்காதுன்ற தைரியத்துலதானே விக்கிறான்? அப்படிப் பாத்தாலும் ஏறும்."

"எது சார் சரி?"

"சாயங்காலம் தெரியும்" என்று சொல்லிவிட்டு ராஜாராம் டீ வாங்கிவரச் சொன்னார்.

குழு இரண்டு இருந்தது. ஒவ்வொன்றிலும் இருநூறு பேருக்கு மேல். காலையில் அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு அவள் இரண்டு பதிவு பேசினாள். முதல் குழுவுக்கு, விகிதம் கூடியிருக்கிறது, பயம் கூடியிருக்கிறது, புட் வாங்குங்கள் என்று. இரண்டாம் குழுவுக்கு, விகிதம் கூடியிருக்கிறது, பயம் உச்சத்துக்குப் போனால் விலை திரும்பும், கால் வாங்குங்கள் என்று. மறுநாள் மாற்றி. ஏன் என்று கேட்டபோது, "ஒண்ணு சந்தை போற பக்கம் போறவங்களுக்கு, இன்னொண்ணு எதிர்த்து நிக்கிறவங்களுக்கு. ரெண்டு பாணி" என்றார். அவளும் இரண்டு பாணி என்றே ஒரு மாதம் நம்பினாள்.

இரண்டாம் மாதம் கண் திறந்தது. எந்தக் குழுவுக்குத் தொடர்ந்து நாலு நாள் பலித்ததோ அவர்களுக்கு ராஜாராம் தனியாகப் போன் செய்து கட்டணம் கேட்டார். எந்தக் குழுவுக்குப் பொய்த்ததோ அதில் திட்டியவர்களை நீக்கினார், புது எண்களைச் சேர்த்தார். பலித்தவர்களையும் பிறகு இரண்டாகப் பிரித்தார். விலை எந்தப் பக்கம் போனாலும் பாதிப் பேருக்கு மேடம் தெய்வம். அந்தத் தெய்வம் உரக்கடை மாடியில் கொசு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஒருநாள் அவள் இரண்டு குழுவுக்கும் ஒரே பதிவு பேசினாள். "இன்றைக்கு விகிதம் ஒன்றையொட்டி நிற்கிறது. இதிலிருந்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்றைக்கு எதுவும் வாங்காமல் இருப்பது நல்லது." அவள் பேசியதிலேயே உண்மையான பதிவு அது. ராஜாராம் காதில் வைத்துக் கேட்டார், அழித்தார்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு எவன்மா துட்டு குடுப்பான்? வேற பேசு."

வேறு பேசினாள்.

*

சம்பா நடவின்போது ஒருநாள் சாயங்காலம் சிட்டம்மாள் கால் கழுவிக்கொண்டே உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"இன்னாடி, உன் கொரலுதானே அது?"

"எது?"

"பத்து மணிக்கு. தண்டபாணி வரப்பு மேல குந்திக்கினு போன்ல சத்தமா வெச்சாரு. தங்கம் ஏறும், கால் வாங்குங்கன்னு ஒரு பொம்பள பேசுது. குனிஞ்சு நாத்து வெச்சுக்கினு இருந்தவ அப்படியே நிமிந்துட்டேன். யாருங்கய்யா பேசறதுன்னு கேட்டேன். 'எளமதி மேடம், காஞ்சிபுரத்துல பெரிய ஆளு'ன்றாரு."

பிரிஸ்கில்லா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மேடம் சொல்லிட்டாங்கோன்றாரு டீ! உன்ன மேடம்ன்றாரு!" சிட்டம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கவில்லை. பிரிஸ்கில்லாவுக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

தண்டபாணியின் மூன்று ஏக்கரில்தான் சிட்டம்மாள் இருபது வருஷமாக நடவு நடுகிறாள். பிளஸ் டூ முடிவு வந்த அன்று, ஆயிரத்துச் சொச்சம் மார்க்கு வாங்கிய சந்தோஷத்தில், பிரிஸ்கில்லா அவர் வீட்டுக்கு ஒரு மைசூர்பாகு டப்பா எடுத்துக்கொண்டு போனாள். மாட்டுக்கொட்டகை மேடையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். "இன்னா படிக்கப்போறே? எல்லாம் படிச்சுட்டு ஆபீசுக்குப் போய்ட்டா எங்கூட்டு நாத்து எவ நடுவா?" என்று அவர் சிரித்தார். சாயங்காலம் அம்மாவைக் கூப்பிடப் போனபோது டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. எறும்பு சாரிசாரியாக ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் அவள் குழுக்களின் பட்டியலைத் திறந்து தேடினாள். இருந்தார். இரண்டாம் குழுவில். படத்தில் டிராக்டர் பக்கத்தில் நின்றுகொண்டு. அவளுடைய பதிவுகளுக்குக் கீழே தினமும் கைகூப்பும் பொம்மையும், 'நன்றி மேடம்' என்பதும் போட்டிருந்தார்.

அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஐயா, இது வேண்டாம், வெளியே வாருங்கள் என்று வேறு ஒரு எண்ணிலிருந்து செய்தி போட்டிருந்தால்கூடப் போதும். அவள் போடவில்லை. பிறகு பல நாள் அதை நினைத்துப் பார்த்திருக்கிறாள். பயம் ஒரு காரணம், பதினைந்தாயிரம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் சபையில் முழங்கால் போட்டபோதுகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. காலையில் மைக்கின் முன்னால் உட்காரும்போது, வரப்பின்மேல் ஒரு ஆள் தன் வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பு அவளுக்கு இனித்தது.

புரட்டாசி முழுக்கத் தங்கம் ஏறிக்கொண்டே போனது. இரண்டாம் குழுவுக்குப் பெரும்பாலும் 'கால்' விழுந்தது. தண்டபாணிக்கு எது வாங்கினாலும் லாபம். வரப்பில் நிற்கும்போது சட்டை காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார் என்று சிட்டம்மாள் சொன்னாள். கட்டணம் கட்டினார். பிறகு நிலத்தை ஒரு மனை வியாபாரிக்கு விற்க ஒப்பந்தம் போட்டு முன்பணம் வாங்கினார். பிறகு அவர் மனைவியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

"தங்கத்த அடகு வெச்சு தங்கம் வாங்கறாராம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா பேஜாராப் பூடும். சொல்லிட்டா இன்னா டீ?" என்று கேட்டாள் சிட்டம்மாள்.

"நீ சொன்னா கேப்பாரா?"

"நான் சொன்னா கேக்கமாட்டாரு. மேடம் சொன்னா கேப்பாரு."

பிரிஸ்கில்லா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

தீபாவளி விடுமுறை முடிந்து சந்தை திறந்தது. அன்றைக்குச் சந்தை சாயங்காலம்தான் என்பதால் பதிவும் சாயங்காலம் போனது. முதல் குழுவுக்குப் புட், இரண்டாம் குழுவுக்குக் கால் என்று ராஜாராம் எழுதிக்கொடுத்திருந்தார். இரண்டாம் பதிவைப் பேசும்போது அவள் குரல் ஒரு இடத்தில் தட்டியது. திரும்பப் பேசச் சொன்னார், பேசினாள். சந்தை திறந்தபோதே விலை சறுக்கிக்கொண்டு திறந்தது. கால் வாங்கியவர்கள் போட்டதில் பெரும்பகுதி சிறிது நேரத்துக்குள் கரைந்துபோனது. இரண்டாம் குழுவில் ஒருவரும் கைகூப்பவில்லை. முதல் குழுவில் பட்டாசுப் பொம்மைகள்.

தண்டபாணிதான் முதலில் கேட்டார்: 'மேடம் இப்ப என்ன செய்யணும்'. அதையே பதினோரு தடவை கேட்டிருந்தார்.

மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போனபோது மாடி அறை பூட்டியிருந்தது. போர்டு இல்லை. ராஜாராமின் எண் அணைந்திருந்தது. உரக்கடைக்காரர் இரண்டு மாத வாடகை பாக்கி என்று அவளிடம் சண்டைக்கு வந்தார்.

*

அடுத்த வாரம் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. குழுக்களை நடத்திய சிம் கார்டு அவள் பேரில் இருந்தது. சம்பளக் கணக்குக்கு என்று கொடுத்த ஆதார் அதற்குத்தான் போயிருந்தது.

சிட்டம்மாளும் கூடப் போனாள். போகும்முன் பிரிஸ்கில்லா ஒரு முடிவு செய்திருந்தாள்: எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. ராஜாராம் சொன்னது, தான் செய்தது, தெரிந்தே செய்தது, எல்லாம். ஜெயில் என்றால் ஜெயில். பேருந்தில் அம்மாவிடம் அதைச் சொன்னாள். சிட்டம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எஸ்.ஐ. மேசைக்கு எதிரே தண்டபாணி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மச்சான் வெங்கடேசன். திருமுக்கூடலில் நெல் மண்டி வைத்திருப்பவர். தீபாவளி கழிந்து விருந்துக்கு வந்த இடத்தில்தான் விஷயம் உடைந்தது. மச்சான் புட் வாங்கிப் பிழைத்தேன் என்றிருக்கிறார். யார் சொன்னது? இளமதி மேடம். எனக்குக் கால் வாங்கச் சொன்னதும் அதே மேடம்தானே என்று இவர் கேட்க, இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது எஸ்.ஐ. அதையே செய்தார். ஒரு போனில் அவள் குரல், விலை இறங்கும் என்றது. இன்னொன்றில் அதே குரல், அதே எண்ணைச் சொல்லி, ஏறும் என்றது.

தண்டபாணி வாசற்பக்கம் பார்த்தார். "இன்னா சிட்டம்மா, நீ எங்க இங்க? அந்தப் பொம்பளயத்தான் இட்டாரச் சொல்லிக் கீறாங்கோ. நீ வெளிய நில்லு."

"இந்தப் பொண்ணுதான் சார் அது" என்றார் எஸ்.ஐ. அவளைப் பார்த்து, "ஏதாவது பேசும்மா. அதுல பேசினாப்ல" என்றார்.

பிரிஸ்கில்லா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "வணக்கம். நான் உங்கள் இளமதி பேசுகிறேன். இன்றைய புட்-கால் விகிதம் ஒன்று புள்ளி இரண்டு…"

தண்டபாணியின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் காதோரம் கறுத்துக்கொண்டு வந்தது. மூன்று ஏக்கரைப் பற்றிச் சொல்லும்போதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை என்று வெங்கடேசன் பிறகு யாரிடமோ சொன்னாராம்.

"இவளா?" என்றார். "சிட்டம்மா பொண்ணா? இவ பேச்சையா நான்…" வாக்கியத்தை முடிக்கவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "சார், அந்தப் பெட்டிசன குடுத்துடுங்க."

"இன்னாங்க?"

"வேணாம் சார். கேசு வேணாம்."

"மாமா, நெலம் போச்சு, நகை போச்சு…" என்று வெங்கடேசன் இழுத்தார்.

"போனது போச்சு. எவ பேச்சக் கேட்டு அழிஞ்சான்னு ஊருல கேப்பானுங்க இல்ல? காலனிப் பொண்ண மேடம் மேடம்னு கூப்ட்டுக்கினு கெடந்தான்னு காறித் துப்புவானுங்க. கோர்ட்டுல இந்தக் கொரலப் போட்டுக் காட்டுவாங்க. எனக்கு வேணாம் சார். இவ பேரும் என் பேரும் ஒரே தாள்ல இருக்கக் கூடாது."

பிரிஸ்கில்லா மேசைப் பக்கம் நகர்ந்தாள். "சார், நான் எழுதிக் குடுக்கறேன்" என்றாள். "ராஜாராம் எப்படிச் செஞ்சார்னு எனக்குத் தெரியும். ரெண்டு குழுன்னு தெரிஞ்சேதான் பேசினேன். அதையும் எழுதறேன். இன்னும் நானூறு பேர் இருக்காங்க சார்."

எஸ்.ஐ. சலிப்போடு பார்த்தார். "புகார் குடுத்தவரே வேணாம்றாரு. நீ எதுக்கும்மா வந்து மாட்டிக்கிறே? வூட்டுக்குப் போ. இனிமே ஆதார யார்கிட்டயும் குடுக்காத."

தண்டபாணி அவளைக் கடந்து வெளியே போனார். வழி கொடுக்கச் சிட்டம்மாள் சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் புகார்த் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் பிரிஸ்கில்லாவின் வாய்வரை வந்திருந்தது. அதை வாங்கிக்கொள்ள அவர் நிற்கவில்லை.

பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே சிட்டம்மாள் கேட்டாள்.

"தெரிஞ்சேதான் பேசினியா?"

"தெரிஞ்சேதான்."

"எத்தினி மாசமா?"

"மூணு."

சிட்டம்மாள் டீயை முடித்தாள். "அவுரு கெட்டதுக்கு எனக்கு வருத்தம் இல்ல டீ. இருவது வருசத்துல எனக்கு ஒரு சொம்புத் தண்ணி கையில குடுத்ததில்ல. ஆனா அந்தம்மா இன்னா பண்ணா? அது கழுத்துல கெடந்தத எதுக்குடி வாங்கினீங்க?"

பிரிஸ்கில்லா காலி டம்ளர்களைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தாள். கேஸ் இல்லாமல் போனதற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாள் அம்மா. அவளால் முடியவில்லை. கையில் விலங்கு போட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது என்று தோன்றியது. அவள் செய்த குற்றத்தைக்கூட அவளுடையது என்று ஒப்புக்கொள்ள அந்த ஆள் தயாராக இல்லை.

இதெல்லாம் நடந்து சில மாதங்கள் ஆகின்றன. பிரிஸ்கில்லா இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். கம்பெனி வண்டி விடியற்காலை ஐந்தேகாலுக்கு மெயின் ரோட்டுக்கு வரும். அங்கே பேச வேண்டிய அவசியமே இல்லை. எட்டு மணி நேரமும் இயந்திரச் சத்தம். சபையில் வாசிக்கப் போதகர் இரண்டு முறை கூப்பிட்டார். தொண்டை சரியில்லை என்றாள். தை மாதம் ஒரு புது எண்ணிலிருந்து ராஜாராம் பேசினார். வேலூர் பக்கம் தங்கத்துக்குப் பதிலாக வெள்ளியில் ஆரம்பித்திருக்கிறாராம், விகிதம் அதே விகிதம்தான், மாதம் இருபது தருகிறேன் என்றார். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் கொடுத்தாள். ஒரு ஏட்டு அதை நாள்காட்டியின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

தண்டபாணி ஊரில்தான் இருக்கிறார். வழியில் பார்த்தால் வண்டியின் ஹாரனை அடித்துக்கொண்டே போய்விடுவார். நடவுக்குச் சிட்டம்மாளைக் கூப்பிட அவருக்கு நிலம் இல்லை. இருக்கிறவர்களும், எதற்கு வம்பு என்று கூப்பிடுவதில்லை. நூறு நாள் வேலை வந்தால் போகிறாள்.

போன வாரம் மனை வியாபாரி முள் வெட்ட ஆள் கேட்டான். சிட்டம்மாள் போனாள். மூன்று ஏக்கரிலும் கல் நட்டு, கயிறு கட்டி, செம்மண் பாதை போட்டிருந்தார்கள். சாயங்காலம் வந்து கூலியை அலமாரியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"முப்பத்தாறு மனையாம். அதுல ஒண்ணு இன்னா வெலன்னு அந்த ஏஜெண்டு பையன்கிட்ட கேட்டேன்."

"எதுக்கும்மா கேட்ட?"

"சும்மாதான் கேட்டேன். வெலயக்கூடச் சொல்லல. 'உங்களுக்கெல்லாம் இதுல இல்ல ஆயா, வாங்கறவங்க ஒத்துக்கமாட்டாங்க'ன்னு சிரிக்கிறான்."

சோறு வடித்து ஆறிக்கொண்டிருந்தது. பிரிஸ்கில்லா இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். சிட்டம்மாள் உள்ளங்கையை விளக்குப் பக்கம் நீட்டி, முள் எங்கே ஏறியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள்.